அம்மாவுக்கும் பழசுக்கும் நடுவில்

பேங்க்கில் கணக்குத் துவங்க வருகிறவர்களில் சிலர் இரண்டு பெயரோடு வருவார்கள். பத்திரத்தில் ஒன்று, ஊரறிய ஒன்று. நடுவில் 'அலையஸ்' போட்டு இரண்டையும் எழுதிக்கொள்வோம். தமிழ்ப் பத்திரமாக இருந்தால் 'என்கிற'. லினக்ஸிலும் இதே அலையஸ் இருக்கிறது. நீளமான ஒரு கட்டளைக்குச் செல்லப்பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரைத் தட்டினால் போதும், வேலை நடந்துவிடும்.

போன வாரம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துகொண்டே என் அலையஸ் கதையை ஒரு நண்பரிடம் சொன்னேன். "எழுதி வையுங்கோ ஸார், நானும் பையன் போட்டுக் கொடுத்த உபுண்டுவை வெச்சிண்டுதான் முழிச்சிண்டிருக்கேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

1986 நவராத்திரியில் அம்மா கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடியதை ஒரு சி-60 கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்துக்கு 30 நிமிஷம். மயிலாப்பூர் உப்புக் காற்றில் டேப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிவு செய்தேன். ஃபேன் சத்தம்தான் தூக்கலாக இருந்தது. பிறகு ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர் வாங்கி வந்து, நேராகக் கம்ப்யூட்டரில் செருகிப் பதிவு செய்தேன். குரல் துல்லியமாக வந்தது. இரண்டாவது பக்கம் முடிகிற நேரம் டேப் ரோலரில் சுற்றிக்கொண்டு அறுந்தும் போனது. போகட்டும், வேலை முடிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல பதிவுக்கு 'அம்மா' என்று ஃபோல்டர். செல்போன் பதிவும் ஒத்திகைகளும் 'அம்மா பழசு' என்ற இன்னொரு ஃபோல்டரில். சுருக்காத ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்கு மேல் பிடிக்கும். என் பழைய லேப்டாப் திணறியது. 'பழசு' ஃபோல்டரைக் காலி செய்ய 'சுத்தம்' என்று ஓர் அலையஸ் வைத்தேன்.

வைப்பதற்குள்ளேயே ஒரு தடுமாற்றம். நான் யூனிக்ஸ் கற்றுக்கொண்டது சி ஷெல்லில். 1970-களின் கடைசியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதியது அது. அதில் பெயர், ஓர் இடைவெளி, கட்டளை, அவ்வளவுதான், சமக்குறியே கிடையாது. இப்போது உபுண்டுவில் இருப்பது பாஷ். பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-ல் வெளிவந்தது. இதில் சமக்குறி வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கக் கூடாது. நான் கணக்கு நோட்டில் எழுதுவதுபோல் காற்றோட்டமாக இடம் விட்டு எழுத, 'சுத்தம்' என்று ஒன்று இல்லை, '=' என்று ஒன்று இல்லை என்று வரிசையாக மறுத்தது. திருத்தினேன். கட்டளையில் இடைவெளி இருப்பதால் முழுவதையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். குறிக்குள்தான் இருக்கிறதே, பத்திரம் என்று நம்பினேன்.

தட்டினேன். 'பழசு' என்று ஒரு ஃபோல்டரே இல்லை என்று பதில் வந்தது. இல்லாமல் எங்கே போகும் என்று திறந்து பார்த்தால், 'அம்மா பழசு' அப்படியே இருந்தது. 'அம்மா'வைக் காணோம்.

நடந்தது இதுதான். அலையஸ் வைக்கும்போது போடுகிற குறி, வைக்கிற அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான். ஷெல் அதை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு நாம் செல்லப்பெயரைத் தட்டும்போது தோல் இல்லாத கட்டளைதான் ஓடுகிறது. இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் வெட்டும். 'அம்மா' ஒன்று, 'பழசு' ஒன்று என்று இரண்டாக எடுத்துக்கொண்டு, முதலாவதை அழித்துவிட்டு, இரண்டாவதைத் தேடியிருக்கிறது. ஆர்.எம். கட்டளை குப்பைக்கூடைக்கு அனுப்பாது, போனால் போனதுதான். தெரிந்த பையன் ஒருவன் இரண்டு நாள் துழாவித் துண்டு துண்டாகத்தான் ஏதோ எடுத்துக் கொடுத்தான்.

பள்ளிக்கூடத்தில் 'பலகை', 'பல கை' என்று படித்தோமே, அதுதான். 'வேங்கை' மரமா, வேகும் கையா என்று இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பொதுமொழி என்கிறது நன்னூல். ஏட்டுச்சுவடியில் சொல்லுக்கு நடுவே இடமே இருக்காது, உ.வே.சா. அர்த்தத்தை வைத்துத்தான் பிரித்தார். ஷெல்லுக்கு அர்த்தம் தெரியாது. இடம்தான் தெரியும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2001-ல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 2.0-வை நிறுவியபோது, வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருக்கு வட்டே துடைக்கப்பட்டது. உள்ளே ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. அவசரமாக 2.0.1 வெளியிட்டார்கள்.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்? வெளியே ஒற்றைக் குறி. உள்ளே ஃபோல்டர் பெயருக்குத் தனியாக இரட்டைக் குறி. அதிலும் ஒரு சூட்சுமம்: நம் வீட்டு ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்கோட்டையும் அதை ஒட்டிய சாய்கோட்டையும் இரட்டைக் குறிக்கு வெளியே விட வேண்டும். உள்ளே போனால் அலைக்கோடு வெறும் எழுத்தாகிவிடும். அல்லது இடைவெளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடலாம்; 'இங்கே வெட்டாதே' என்று அர்த்தம். வைத்த பிறகு, அலையஸ் என்று தட்டிப் பெயரையும் கொடுத்தால் உள்ளே என்ன பதிந்திருக்கிறது என்று காட்டும். அழிக்கும் கட்டளைக்குப் பதில் முதலில் எல்.எஸ். போட்டு ஓட்டிப் பாருங்கள். பலர் எக்கோ போடச் சொல்வார்கள். இங்கே அது ஏமாற்றும். வெட்டிய இரண்டையும் ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்தே காட்டும், எல்லாம் சரி மாதிரி இருக்கும். எல்.எஸ். மட்டும்தான் 'பழசு' என்று ஒன்று இல்லையே என்று கேட்கும்.

மிச்சமிருப்பது செல்போன் பதிவு. ஃபேன் ஓடுகிறது. குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. இரண்டாவது பாட்டின் நடுவில் என் சகதர்மிணி, "தயிர் வாங்கிண்டு வந்தேளா இல்லையா?" என்று கேட்கிறாள்; நான் 'உஸ்' என்கிறேன். அம்மா எதையும் காதில் வாங்காமல் பாடிக்கொண்டு போகிறாள். இந்த வருஷம் கொலுவில் அதைத்தான் போட்டோம். வந்திருந்த மாமி ஒருத்தி தயிர் வந்ததா என்று என்னைக் கேட்டாள்.

ஒரு பிரதி அடையாறில் பெண் வீட்டில், இன்னொன்று பீரோவில் பென்டிரைவில். ஃபோல்டர் பெயர் 'அம்மா-பழசு', நடுவில் கோடு.