ஒரு ஸ்டூல் போடுங்கள்



போன வாரம் ஒரு ஜவுளிக்கடையில், "டீச்சர்!" என்று ஓடி வந்தாள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். சேலைகளை எடுத்துப் போட்டவள், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். விலையைக் கூட்டும்போது இரண்டு முறை தப்பு. கணக்கில் அவள்தான் வகுப்பிலேயே முதல்!

"காலையிலேருந்து நிக்கிறேன் டீச்சர். சாயங்காலம் ஆனா மூளையே ஓட மாட்டேங்குது."

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அங்கேயும் மூலையில் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்களோ என்று யாரும் உட்காரவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை பீரியட் முழுக்க நிற்க வைத்தவள் நான். கால் வலியோடு நின்ற பிள்ளை காதில் அன்றைய பாடம் ஏறியதே இல்லை.

உங்களில் கடை நடத்துகிறவர்கள், மேனேஜர்கள் பலர் இருக்கிறீர்கள். வேலை தப்பில்லாமல் நடக்கவேண்டும் என்றால் ஸ்டூல் போடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் "உட்காரும்மா" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் உட்காருவார்கள்.

நான் நிற்க வைத்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.