அமராவதிக் கரையிலிருந்து – 4: எந்த ஊருங்க?

ஞாயிறு காலை எட்டரை மணி. தாராபுரத்தில் திருப்பூர் பஸ் பிடித்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். முன் சீட்டில் மூன்று பெண்கள், நூல் மில்லில் வேலை செய்பவர்கள். ஊர் தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கிவிட்டன.

"எந்த ஊரு கண்ணு?" பெரியவர் முன்பக்கம் குனிந்தார்.

"ஒடிசாங்க. கஞ்சாமுங்க," என்றாள் மூவரில் ஒருத்தி.

கஞ்சாம்காரர்கள் சூரத் விசைத்தறிக்குப் போவதுதான் பழைய தடம். இவள் இங்கே வந்து இரண்டு வருஷம்தானாம். அதற்குள் அந்த 'ங்க'வைப் பிடித்துவிட்டாள். மதுரைக்காரனான எனக்கு இன்றுவரை அது வாயில் ஒட்டவில்லை.

பெரியவரின் போன் அடித்தது. எடுத்துக் கன்னடத்தில் பேசினார். "பேத்திங்க. கனடாவுல பிராம்ப்டன்னு ஒரு ஊரு. அங்க இப்ப சனிக்கெழம ராத்திரி பதினொண்ணு. அவ தெருவுல முக்காவாசிப் பேரு பஞ்சாபிக்காரங்களாமுங்க."

இருக்கும். டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் 2021 கணக்கெடுப்பின்படி 6,56,480 பேர். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தெற்காசிய வம்சாவளியினரும் பாதிக்கு மேல். ஈழத்தமிழர்களும் கணிசம். கனடாவில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணிவிடுகிறார்கள். எங்கே பிறந்தீர்கள், வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

நாம் கடைசியாக எண்ணியது 2011இல். அப்போது திருப்பூர் மாவட்டத்தில் 24,79,052 பேர். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு 2027க்குப் போய்விட்டது. இதற்கிடையில் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் எத்தனை பேரை இறக்கிவிட்டது என்று யாரைக் கேட்பது? பனியன் கம்பெனிக்காரர் ஒரு கணக்கு சொல்வார், டீக்கடைக்காரர் அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்வார். கணக்கில்லாத இடத்தில் புரளி சுலபமாக நுழைகிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பிகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

என் சித்தப்பா எண்பதுகளில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே டெய்லராக வந்தவர். ஓவர்லாக் மெஷினில் தினம் ஒன்றரை ஷிப்ட். தெற்கத்தி ஆள் என்று லைன் வீடு கொடுக்கவே யோசித்தார்களாம். இப்போது அவரே இரண்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். "இந்திக்காரங்களுக்கு விடுறதில்லப்பா" என்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"வீட்ல கன்னடமாங்கய்யா?" பெரியவரைக் கேட்டேன்.

"நெசவுக் குடும்பமுங்க. மைசூர்ப் பக்கமிருந்து வந்ததா எங்கப்பாரு சொல்லுவாரு. எத்தன தலமொறையோ! நாங்க தாராபுரந்தானுங்க."

1799 வரை தாராபுரமே மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொடுவாய் வந்துவிட்டது, இறங்கிக்கொண்டார்.

திருப்பூரில் காதர்பேட்டைக்குள் நுழைந்தால் ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமில்லை. சனிக்கிழமைச் சம்பளம் இங்கேதான் பாதி கரைகிறது. நடைபாதைக் கடையொன்றில் அந்தக் கஞ்சாம் பெண் நின்றிருந்தாள். ஊரிலிருக்கும் தம்பிக்குப் போலும், ஒரு டீ-ஷர்ட்டை விரித்துத் தோள் அளவு பார்த்தாள். கடைக்காரர் இந்தியில் விலை சொன்னார்.

"அவ்வளவெல்லாம் முடியாதுங்ண்ணா," என்றாள் அவள்.