64 கிலோபைட்டுக்குள் ஒரு வாத்தியக் கோஷ்டி

டோக்கியோவின் அகிஹபாராவில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடைகளின் வாசலில் ‘ஜங்க்’ பெட்டிகள் இருக்கும். ஓடுமா ஓடாதா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, விலை மலிவு. நான் பார்க்கப் போனவர் அப்படியொரு பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது சூப்பர் ஃபாமிகாம். நின்டெண்டோ 1990 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்ட கன்சோல். அதிலும் ஆரம்ப கால இயந்திரங்களைத்தான் தேடுகிறார். அவற்றில் ஒலிப் பகுதி தகரக் கவசம் போட்ட தனிப் பலகையாக இருக்கும், கழற்றிவிடலாம். பிற்பாடு வந்தவற்றில் எல்லாம் ஒரே பலகைக்குள் போய்விட்டது.

அவர் வீட்டின் பின்னறைதான் பட்டறை. பகலில் ஏதோ அலுவலக வேலை. இரவில், சிறு குழுக்கள் உருவாக்கும் வீடியோ கேம்களுக்குப் பழைய கன்சோலின் குரலில் இசை அமைக்கிறார். மொழிபெயர்க்க என் நண்பர் கூட வந்திருந்தார்.

கழற்றிய பலகையைக் காட்டினார். அதிலிருப்பது சோனியின் சிப். வடிவமைத்தவர் கென் குதராகி, பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய அதே மனிதர். ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள், வினாடிக்கு 32,000 ஒலி மாதிரிப் புள்ளிகள். இதற்கு முந்தைய ஃபாமிகாம் பெரும்பாலும் தானே பிறப்பிக்கும் எளிய அலைகளை நம்பியிருந்தது; இது பதிவு செய்த புல்லாங்குழலையே வாசிக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 64 கிலோபைட் மெமரிதான். ஒவ்வொரு 16 புள்ளிகளையும் 9 பைட்டாகச் சுருக்குகிறார்கள். அப்படியும் முழுத் தரத்தில் அடைத்தால் மூன்றரை வினாடிக்குச் சற்று மேல் ஒலி கொள்ளும். அதே 64 கிலோபைட்டுக்குள்தான் பாட்டின் ஸ்வரக் குறிப்பும், அதை வாசிக்கும் நிரலும். எதிரொலி வேண்டுமென்றால் அதற்கும் இடம் இதிலிருந்தே: 16 மில்லி வினாடித் தாமதத்துக்கு 2 கிலோபைட். அதிகபட்சமான 240 மில்லி வினாடி வைத்தால் 30 கிலோபைட் போயிற்று.

ஆகவே வேலை முழுக்க வெட்டுவதுதான். குழலில் காற்று படும் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார். அந்த லூப் 16-இன் மடங்காக இருந்தாக வேண்டும். வினாடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 73 புள்ளிகள். அது 16-இன் மடங்கு அல்ல. முழு ஒலியையும் நெருக்கி ஒரு சுற்றை 64 புள்ளியாக்குகிறார். வாசிக்கும்போது அதே விகிதத்தில் மெதுவாக ஓடவிட்டுச் சுருதியைச் சேர்க்கிறார். இத்தனைக்கும் பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். முகம் சுளித்து, வெட்டுமிடத்தை நகர்த்துகிறார். மறுபடி. எனக்கு மூன்றாம் தடவையே சரியாகத்தான் கேட்டது; அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சிப் புள்ளிகளுக்கிடையே இட்டு நிரப்பும்போது உச்ச ஒலிகள் மழுங்கும். அதனால் சுருக்கும் முன்பே அந்தப் பகுதியை வேண்டுமென்றே கூர்மையாக்கிவிடுகிறார். கணினியில் கேட்டால் காது கூசுகிறது. பலகை வழியே கேட்டால் பதமாக இருக்கிறது.

இன்று ‘அந்தக் கால ஒலி’ என்று விற்பனையாகும் இசையில் பெரும்பகுதி, நல்ல தரத்தில் பதிந்த வாத்தியங்களுக்கு மேல் மங்கல் ஃபில்டர் பூசியது. கேட்க இனிமைதான், ஆனால் வேறு சரக்கு. இடம் போதாமல் வயலினைச் சுரண்டி, டிரம்முக்காக எதிரொலியைக் குறைத்து, எதை விடுவது என்று ஒருவர் முடிவெடுத்த தடயம் அதில் கிடையாது. அந்த முடிவுகள்தான் இந்த ஒலி என்பது என் கட்சி.

“நல்ல ஒலி வேண்டுமானால் நிஜ ஆர்க்கெஸ்ட்ராவே இருக்கிறதே?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஆக்ட்ரெய்சர் ஆட்டத்தின் முதல் கட்ட இசையை ஓடவிட்டார். இதே கன்சோலுக்காக யூசோ கோஷிரோ 1990-இல் அமைத்தது. பித்தளை வாத்தியங்கள் எழுந்தன. பதில் அவ்வளவுதான்.

கன்சோல் கைவசம் இல்லாதவர்கள் ஹெட்போனில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 1994-இல் வந்த டாங்கி காங் கன்ட்ரிக்காக, இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தில் டேவிட் வைஸ் அமைத்த நீரடிக் கட்ட இசை. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். எதிரொலியைத் தள்ளிவிட்டால் எட்டைத் தாண்டாது.