லயனல் வென்ட் சுவர்களில் ஒரு மாணவி



நீங்கள் கொழும்புக்கு எதற்கெல்லாம் போயிருப்பீர்கள்? பெருநாள் உடுப்பு எடுக்கப் புறக்கோட்டைக்கு, நோயாளியைக் காட்டப் பெரியாஸ்பத்திரிக்கு, பாஸ்போர்ட் அலுவலாக. நானும் அப்படித்தான். ஓவியக் கண்காட்சி பார்ப்பதற்கென்று நாற்பத்தாறு வயது வரை நான் ரயில் ஏறியதில்லை. சென்ற வருடம் பேருவளையிலிருந்து ஏறினேன். பழைய மாணவி ஒருத்தி அழைப்பிதழ் அனுப்பியிருந்தாள். "மௌலவி சேர், கட்டாயம் வாங்க" என்று அதன் ஓரத்தில் பேனையால் எழுதியும் இருந்தாள்.

தெவட்டகஹ பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு, விஹாரமஹாதேவி பூங்கா ஓரமாக நடந்தேன். பழைய ஆட்கள் கில்ட்ஃபர்ட் கிரசன்ட் என்று சொல்லும் வீதி. இப்போது பிரேமசிறி கேமதாச மாவத்தை என்று பெயர். அங்கேதான் லயனல் வென்ட் நிலையம் இருக்கிறது. நாடக மண்டபம் ஒரு பக்கம், ஓவியக்கூடம் ஒரு பக்கம். நான் வாசலில் சற்று நேரம் தயங்கி நின்றேன். தாடியும் தொப்பியுமாக ஒருவர் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. டிக்கட்டும் கேட்கவில்லை.

அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லயனல் வென்ட் 1900 ஆம் ஆண்டு பிறந்த பறங்கியர். இங்கிலாந்தில் சட்டம் படித்தார். ஆனால் பியானோவும் புகைப்படக் கருவியுமே அவருக்கு வாழ்க்கையாயின. அக்காலத்தில் ஓவியம் என்றால் வெள்ளைக்காரர் பாணியில் உள்ளதை உள்ளபடி தீட்டுவதுதான். கண்காட்சிகளிலும் அதற்கே மரியாதை. வேறு விதமாக வரைய விரும்பியவர்களுக்குச் சுவர் கிடைக்கவில்லை. 1943 ஆகஸ்டில் அவர்கள் வென்டின் வீட்டில் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு '43 குழு என்றே பெயராயிற்று. ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல ஆகியோர் அதில் இருந்தார்கள். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்த ஓப்ரி கொலெட் இருந்தார். விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்துவந்த மஞ்சுசிறி என்ற பௌத்த துறவியும் இருந்தார். மறு வருடம் டிசம்பரில் வென்ட் காலமானார். வயது 44 தான். நண்பர்கள் அவர் நினைவாக அவருடைய வீடு இருந்த இடத்திலேயே இந்த நிலையத்தை எழுப்பினார்கள். நாடக மண்டபம் 1953 இல் திறக்கப்பட்டது.

இன்று கொழும்பில் தனியார் ஓவியக்கூடங்கள் பல உண்டு. காலி வீதியிலுள்ள பெயர்ஃபுட்டை உங்களில் சிலர் அறிவீர்கள்; கிராமத்துப் பெண்களின் கைத்தறி நெசவை வைத்து பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கியது. இப்படியான கூடங்களில் யாருடைய படத்தை மாட்டுவது என்பதை நடத்துகிறவர்கள் தீர்மானிப்பார்கள். லயனல் வென்டில் சுவரை வாடகைக்கு எடுக்கலாம். பேர் பெற்றவரும் எடுக்கலாம், நேற்றுப் படித்து முடித்த பிள்ளைகளும் காசு சேர்த்து எடுக்கலாம். சில நாட்கள் படங்கள் தொங்கும். பிறகு கழற்றி, கடதாசியில் சுற்றி, த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். நல்லதும் வரும், சுமாரானதும் வரும். என்றாலும் ஆள் அறிமுகமில்லாத ஓர் ஊர்ப் பிள்ளை தலைநகரில் முதல் தடவையாகப் படம் மாட்ட இப்படி ஒரு சுவர் வேண்டாமா?

என் மாணவியும் அப்படித்தான் வந்திருந்தாள். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டிருந்தார்கள். அவளுக்கு ஏழு படங்கள். உம்மாவின் தையல் மெஷின், கொடியில் காயும் தொழுகை உடுப்பு, கிணற்றடி, குசினி யன்னலால் விழும் வெயில். ஒரு படத்திலும் ஆட்கள் இல்லை.

"ஆக்களே இல்லையே மகள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "நீங்கதானே சேர் கிழிக்கச் சொன்னது."

சகோதரிகளே, எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, என் பாடவேளையில், கொப்பியின் பின்பக்கத்தில் தன் உம்மும்மாவின் முகத்தை வரைந்துகொண்டிருந்தாள். நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடச் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள். அழவுமில்லை.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துக்களை இங்கே விரிக்க நான் வரவில்லை. ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் வீட்டில் உருவம் பொறித்த திரைச்சீலை இருந்ததும், பிறகு அதே துணி தலையணையாக வெட்டப்பட்டதும் நீங்கள் அறிந்த ஹதீஸ்தான். அதை நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தவன். சட்டத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூடைக்குப் போகச் சொன்னது என் கோபம். அதற்கு நான் எந்தக் கிதாபையும் காட்ட முடியாது.

கடைசிப் படத்தின் முன்னால் என்னை அழைத்துப் போனாள். ஒரு பிரம்புக் கதிரை. அதன் மேல் வெற்றிலைத் தட்டு, பாக்குவெட்டி, மடித்து வைத்த ஒரு முக்காடு. பிரம்பு நடுவில் தொய்ந்திருந்தது. வருடக்கணக்காக ஒருவர் இருந்து எழும்பிய தொய்வு.

"உம்மும்மா மௌத்தாகி மூன்று வருஷம். போட்டோவுக்கு நிற்கவே மாட்டாங்க. எங்களிட்ட அவங்கட முகம் ஒன்றுமில்ல, சேர்."

அந்த நேரம் அவளுடைய உம்மா வந்து சேர்ந்தார். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாரே தவிர, இதற்கு முன் இப்படியான ஓரிடத்துக்கு அவர் வந்ததில்லையாம். என்னைப் போலவே வாசலில் தயங்கி நின்று, என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எங்கட பொம்புளயள் இதுக்குள்ள வரலாமா மௌலவி?" என்று கேட்டார்.

"வாங்க ராத்தா, ஒங்கட மகள்ட படந்தானே" என்றேன். அவர் நேரே அந்தக் கதிரைப் படத்துக்கே போனார். வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

வருகிறவர்கள் எழுதுவதற்காக மேசையில் ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். நான் தமிழில் என் பெயரையும் ஊரையும் எழுதினேன். கீழே, "அன்று கிழிக்கச் சொன்னவன், மன்னித்துக்கொள் மகள்" என்று எழுதிவிட்டு, அஸருக்கு நேரமாகியதால் வெளியே வந்தேன்.