சுவரில் அடைத்த துளைகள்

சகோதரிகளே, உங்கள் மகள் சிவில் இஞ்சினியரிங் படிக்கிறாள் என்றால் இந்தப் பேச்சு ஒருநாள் உங்கள் வீட்டுக்கும் வரும். கட்டட அமைப்பா, நீரா, பாதையா, மண்ணா, எதை எடுப்பது?

எங்கள் மகள் பேராதனையில் இறுதி ஆண்டுக்கு வந்தபோது எனக்கும் அவள் வாப்பாவுக்கும் சந்தேகமே இருக்கவில்லை. கட்டட அமைப்புத்தான். கொழும்பில் ஓர் அலுவலகம், மேசை, கம்பியூட்டர், பொழுதுபட முன் வீடு. சிக்காகோவில் 1973இல் எழுந்த 110 மாடி சியர்ஸ் கோபுரத்தின் அமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். அதையே அவளிடம் திருப்பிச் சொன்னேன்.

"நான் மண் எடுக்கப் போறன் உம்மா" என்றாள்.

"பொம்புளப் புள்ளக்கி மலையில என்ன வேல?" என்று மாமி கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

நாங்கள் மாவனல்லைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டி, மண்ணைத் தாங்க ஒரு சுவர் கட்டியிருக்கிறோம். மழை பெய்தால் அதிலுள்ள துளைகளால் சேற்று நீர் வடிந்து குசினி வாசல் நாசமாகும். கழுவிக் கழுவி அலுத்துப்போய், மேசன்பாஸிடம் சொல்லிச் சீமெந்தால் அடைத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்!

விடுமுறைக்கு வந்தவள் அதைக் கண்டதும் முகம் மாறிப்போனாள். "இத யாரு உம்மா அடைச்ச?" நீர் வெளியேறாவிட்டால் சுவருக்குப் பின்னால் தேங்கும், மண்ணோடு சேர்ந்து நீரும் சுவரைத் தள்ளும், ஊறிய மண் தன் பிடியையும் இழக்கும் என்று விளக்கினாள். "கம்பியையும் கொங்கிறீட்டையும் பார்த்துத் தெரிஞ்செடுக்கலாம் உம்மா. மண் அல்லாஹ் போட்டபடிதான் கிடக்கும். அத யாராவது படிக்கணுமே."

அன்று மாலையே துளைகளைத் திறந்தோம்.

2016 மே 17ஆம் திகதி எங்களுக்கு அருகே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வீடு பலமானதா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. மலையே அல்லவா இறங்கிவந்தது!

அதன்பின் நான் அவளை மறிக்கவில்லை. மலைக்குப் போகும் வேலையை விடச் சொன்ன ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு முறிந்தது. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

இப்போது மழை நாட்களில் கோல் எடுப்பாள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். முற்றத்தில் ஒரு மழைமானி வைத்துத் தந்திருக்கிறாள். சுபஹுக்கு எழும்பியதும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.