பிஸ்டன் சொல்ற சாட்சி

எங்க பக்கம் தென்னந்தோப்புல இப்ப புல்லு வெட்டறது மெஷின்லதான். தோள்ல மாட்டிக்கிட்டு ஓட்டற பிரஷ் கட்டர். சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பைக்குக்கு ஊத்தற மாதிரி இதுக்குத் தனியா இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தணும். எங்க மெஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி. உள்ள இருக்கற பிஸ்டன், பேரிங் எல்லாத்துக்கும் அந்த 40 மில்லிதான் உயிர்.

அதனாலயே மெஷின் மடக்குனு நின்னா ஊர்ல வர்ற முதல் பேச்சு, "ஓட்டினவன் ஆயில் ஊத்தல."

போன மாசம் பங்காளி அண்ணன் தோப்புல இதுதான் நடந்துச்சு. மத்தியானம் ஓடிட்டிருந்த மெஷின் இறுகி நின்னுடுச்சு. சூடு ஆறினப்புறம் கயிறு இழுத்தா லேசா வருது, கம்ப்ரஷனே இல்ல. பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாம் சேர்த்து 2,800 ஆகும்னு டவுன்ல சொல்லிட்டாங்க. ஓட்டின பையனுக்கு நாள் கூலி 700. "நாலு நாள் கூலியப் பிடிச்சுக்கறேன்"னுட்டார் அண்ணன். "கலந்துதாங்க ஊத்தினேன்"னு அந்தப் பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் காதுல வாங்கல.

"புதுசு மாட்டறதுக்கு முன்னால பழசப் பாத்துரலாம்ணா"ன்னேன்.

இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாங்க. சைலன்சரக் கழட்டினா புகை வர்ற ஓட்டை வழியாவே பிஸ்டனோட ஒரு பக்கம் தெரியும். அந்தப் பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் கீறிக் கிடந்துச்சு. ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. சிலிண்டரக் கழட்டி, பிஸ்டனக் கையில எடுத்துச் சுத்திலும் திருப்பிப் பாக்கணும்.

ஆயிலே இல்லாம ஓடியிருந்தா காயம் ஒரு பக்கத்தோட நிக்காது. சுத்திலும் உரசி இழுத்திருக்கும். கீழ கிராங்க் பேரிங்கும் காஞ்சு, சூட்டுல நிறம் மாறிப் போயிருக்கும். ஏர் பில்டர் கிழிஞ்சு மண்ணு போயிருந்தா, கார்பரேட்டர் பக்கம் பளபளப்பு போய் மங்கி, மெல்லிசா கோடு கோடா தேஞ்சிருக்கும். பிஸ்டன் தலையில குழியோ ஓட்டையோ விழுந்திருந்தா, எரியறது நேரம் தப்பி எரிஞ்சிருக்குனு அர்த்தம்.

எங்க கையில இருந்த பிஸ்டன்ல புகை போற பக்கம் மட்டும்தான் காயம். எதிர்ப்பக்கம் புதுசு மாதிரி. பேரிங் எண்ணெய்ப் பசையோட வழுக்கிட்டு சுத்துது. ஆயில் போயிருக்கு, அதுல சந்தேகமே இல்ல. அப்ப இது சூட்டுக் காயம்.

வெளிக்காத்து கள்ள வழியில உள்ள புகுந்தா பெட்ரோல் பங்கு குறைஞ்சு, எரியற சூடு ஏறும். பெட்ரோலோட வர்ற ஆயிலும் போதாமப் போகும். எப்பவுமே அதிக சூடு வாங்கறது புகை போற பக்கம். அலுமினியம் அங்கதான் முதல்ல விரிஞ்சு சுவத்துல ஒட்டும்.

கார்பரேட்டரும் சிலிண்டரும் சேர்ற இடத்தப் பாத்தேன். ரெண்டு போல்ட்டுல ஒண்ணு தளர்ந்து, கேஸ்கெட் ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. பையன்கிட்டக் கேட்டேன், "ஆக்ஸிலேட்டர விட்டாலும் சத்தம் குறையாம இரைஞ்சுதா தம்பி?"

"நாலஞ்சு நாளா அப்படித்தாங்க. அண்ணன்கிட்டயும் சொன்னேன். ஓடற வரைக்கும் ஓட்டுன்னாரு."

அண்ணன் ஒண்ணும் பேசல. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கால் பக்கம் போயிட்டார்.

அந்தக் கேஸ்கெட் விலை 30 ரூபாய். அதப் பாக்காம 2,800 ரூபாய்க்குப் புதுசு மாட்டியிருந்தா, அதுவும் கொஞ்ச நாள்ல இதே மாதிரி இறுகியிருக்கும். அப்பவும் பழி அந்தப் பையன் தலையிலதான் விழுந்திருக்கும்.

சனிக்கிழமை கூலி முழுசா கைக்கு வந்துச்சு. மன்னிப்பெல்லாம் யாரும் கேக்கல, எங்க ஊர்ல அந்த வழக்கம் குறைவு. ஆனா இப்பப் பையன் "சத்தம் மாறுதுங்க"ன்னா அண்ணன் உடனே மெஷின நிறுத்தச் சொல்றார்.

உங்க வீட்டு மெஷின், வண்டி எதுவா இருந்தாலும் சரி. பிஸ்டன் போச்சுன்னு சொன்னா, பழசக் கேட்டு வாங்கிப் பாருங்க. எந்தப் பக்கம் காயம், ஏன் அந்தப் பக்கம்னு மெக்கானிக்கிட்டக் கேளுங்க. அதுக்குப் பதில் கிடைச்சப்புறம் புதுசு மாட்டினாப் போதும்.