பெக்கி ஆஷ்கிராஃப்டின் முகம்

பெக்கி ஆஷ்கிராஃப்டை உலகம் அறிந்துகொண்டபோது அவருக்கு வயது 77. ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் மிஸஸ் மூராக நடித்ததற்கு 1985-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அவர் சார்பில் மேடையேறி வாங்கிக்கொண்டவர் ஆஞ்சலா லான்ஸ்பரி. முதுமையில் சினிமா கண்டெடுத்த நடிகை என்று அவரைப் பற்றி யாராவது எழுதினால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் நாடக மேடையில் வாழ்ந்திருந்தார்.

1930-இல் லண்டன் சவாய் அரங்கில் பால் ராப்சன் ஒத்தெல்லோ, இருபத்திரண்டு வயது பெக்கி டெஸ்டிமோனா. கறுப்பினக் கலைஞரும் வெள்ளைக்காரப் பெண்ணும் காதலர்களாக நடிப்பதை அன்றைய லண்டனில் பலரால் பொறுக்க முடியவில்லை. வசைக் கடிதங்கள் வந்தன. நிறவெறி என்றால் என்னவென்று அந்த நாடகத்தில்தான் தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பாடம் அவரைவிட்டுக் கடைசிவரை போகவில்லை என்றே நினைக்கிறேன்.

1935-இல் அவர் ஜூலியட். நடிகர்கள் கில்குட்டும் ஒலிவியரும் ரோமியோ வேடத்தை மாறி மாறிப் போட்ட புகழ்பெற்ற தயாரிப்பு அது. அதே ஆண்டில் ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்தில் ஸ்காட்லாந்து விவசாயி ஒருவனின் இளம் மனைவியாகச் சில நிமிடங்கள் வருகிறார். லண்டன் பெண்கள் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே என்று அடைக்கலம் தேடி வந்தவனிடம் அந்த மனைவி கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் அவளுடைய மொத்த ஏக்கமும் தெரிந்துவிடுகிறது. அவனைத் தப்பவிடும்போது கணவனின் கோட்டை எடுத்துக் கொடுக்கிறாள். அதற்காக அடிபடப்போகிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறாள். இப்படி ஒரு முகத்தைப் பார்த்த பிறகும் சினிமா ஏன் அவரை அதிகம் தேடவில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை. அவரும் சினிமாவைத் தேடிப் போகவில்லை.

மேடையில் அவர் எட்டிய உயரம் 1963-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்த ‘தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகங்களையும் மூன்றாம் ரிச்சர்டையும் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் மூன்று நாடகங்களாகச் சுருக்கியிருந்தார்கள். பிரான்சிலிருந்து வரும் இளம்பெண் மார்கரெட், அரசியாகி, போர்க்களத்தில் கொடுமைக்காரியாகி, மகனைப் பறிகொடுத்து, எல்லோரையும் சபிக்கும் கிழவியாக முடிகிறாள். ஐம்பத்தைந்து வயதில் அந்த முழு ஆயுளையும் அவர் நடித்தார்.

பிறகு 1975-இல் பெக்கெட்டின் ‘ஹாப்பி டேஸ்’. இயக்கம் மீண்டும் பீட்டர் ஹால். முதல் பாதியில் வின்னி இடுப்பளவு மண்ணில் புதைந்திருக்கிறாள், அடுத்த பாதியில் கழுத்தளவு. அப்போது கையும் இல்லை, நடையும் இல்லை. முகத்தையும் குரலையும் மட்டும் வைத்து அரங்கைக் கட்டிப்போட வேண்டும். குளோசப் ஷாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

டேவிட் லீன் இயக்கிய ‘எ பாசேஜ் டு இந்தியா’வின் மசூதிக் காட்சியை நான் அப்படித்தான் பார்க்கிறேன். நிலவொளியில் மிஸஸ் மூர் உள்ளே நிற்கிறார். காலணியோடு வந்துவிட்டாரென்று டாக்டர் அஜீஸ் சீறுகிறார்; கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்கிறார் அவர். குரலில் கோபமும் இல்லை, தயவும் இல்லை. எதிரே நிற்பவன் தனக்குச் சமமானவன் என்பது அந்த முகத்தில் இயல்பாகவே இருக்கிறது. அங்கே எனக்கு டெஸ்டிமோனாவின் நினைவு வரும்.

அந்தப் படம் வந்த அதே 1984-இல் தொலைக்காட்சியில் ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடரும் வந்தது. அதில் பார்பி பாட்ச்லர் என்ற ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியை அவர். வாய் ஓயாமல் பேசும் பார்பியை யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. கடைசியில் அவள் பேச்சையே நிறுத்திவிடுகிறாள். மிஸஸ் மூரைவிட இது பெரிய நடிப்பு என்பது என் துணிபு. ஆஸ்கர் கிடைத்ததால் எல்லோரும் மற்றதையே பேசுகிறார்கள்.

1989-இல் ‘ஷீ’ஸ் பீன் அவே’ படத்துக்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு வந்தது. இளம் வயதில் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, முதுமையில் வெளியே வரும் பெண்ணாக நடித்திருந்தார். பரிசைப் பகிர்ந்துகொண்டவர், ‘ஜுவல்’ தொடரிலும் உடன் நடித்த ஜெரால்டின் ஜேம்ஸ். இயக்கியவர் அதே பீட்டர் ஹால்.